பாட்டி ட்ரெயினிங்

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். கையில தட்டை வெச்சுக்கிட்டு இதைப் படிக்கிறவங்க, சாப்பிட்டு முடிச்சு கை கழுவிட்டு வாங்க மக்கா. பதிவு எங்கேயும் ஓடிப் போயிடாது. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது, ஆமா.

2023 மார்ச் மாசம். ஊர்ல இருந்து அம்மா போன் பண்ணினாங்க.

"என்னல, ரெண்டு நாளா சத்தத்தையே காணும்?"

"இல்லம்மா, இந்த சனி ஞாயிறு பாட்டி ட்ரெயினிங் ஆரம்பிக்கிறோம். அதான் கொஞ்சம் வேலை."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எனக்கு எதுக்குல ட்ரெயினிங்கு? மூணு பிள்ளை வளத்தவ நான். உன் பொண்டாட்டி எதுவும் சொன்னாளா?"

அவ்வ்வ்வ்... நான் தலையில கை வெச்சுக்கிட்டேன். அந்தப் பாட்டி இல்லம்மா, இது பிள்ளைக்கு ஆய் போகப் பழக்குறதுன்னு விளக்கி முடிக்கிறதுக்குள்ள பத்து நிமிஷம் ஓடிப் போச்சு. கேட்டுட்டு அம்மா சொன்னது ஒண்ணுதான். "இதுக்கெல்லாமா பேரு வெச்சு, நாள் குறிச்சு செய்யுதீய?"

நாள் குறிக்க வேண்டிய அவசரம் எங்களுக்கு இருந்துச்சு. ஜூனியருக்கு அப்போ ரெண்டு வயசு மூணு மாசம். தங்கமணி வேலைக்குத் திரும்பி ஆறு வாரம் ஆகியிருந்தது. எனக்கு வீட்ல இருந்தே ஆணி புடுங்குற வேலை, அதனால பகல்ல பிள்ளை என் பொறுப்பு. ஜூன்ல ஒரு ப்ளே ஸ்கூல்ல சேர்க்கப் பேசி, முன்பணமும் கட்டியாச்சு. அங்க ஒரே ஒரு நிபந்தனை: குழந்தை டயப்பர் இல்லாம வரணும். போதாக்குறைக்கு எதிர் ஃப்ளாட் பொண்ணு ஒன்றரை வயசுலயே "சமத்தா" ஆயிட்டாளாம். லிஃப்ட்ல பார்க்கும்போதெல்லாம் அந்த அக்கா விசாரிப்பாங்க, "இன்னும் டயப்பர்தானா?" அந்த 'இன்னும்' இருக்கே, அதுல ஒரு அழுத்தம் கொடுப்பாங்க பாருங்க... என்னமோ நான்தான் டயப்பர் கட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கும்.

நமக்கு எதைச் செய்றதுன்னாலும் முதல்ல படிக்கணும். படிச்சேன். இதுல ரெண்டு கட்சி இருக்கு மக்கா. பிரேசெல்டன்னு ஒரு அமெரிக்கக் குழந்தை மருத்துவர், தன்கிட்ட வந்த 1170 குழந்தைகளை வெச்சு 1962ல ஒரு கட்டுரை எழுதினார். குழந்தை தயாராகிற வரைக்கும் காத்திருங்க, அவசரப்படுத்தாதீங்க, அவன் போக்குல விடுங்கங்கிறது அவர் கட்சி. 1974ல அஸ்ரின், ஃபாக்ஸ்னு ரெண்டு உளவியல்காரங்க ஒரு புத்தகம் போட்டாங்க. ஒரு நாளைக்கும் குறைவான நேரத்துல பழக்கிடலாம்கிறது அதோட தலைப்பே. நிறைய குடிக்கக் கொடு, அடிக்கடி உக்கார வை, போனா பாராட்டு, போகலைன்னா திரும்பத் திரும்பப் பழக்கு.

நான் எந்தக் கட்சியில சேர்ந்திருப்பேன்னு சொல்லணுமா? முன்பணம் கட்டியாச்சே!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாத்து வடிவத்துல ஒரு பிளாஸ்டிக் பாட்டி வாங்கினேன். உள்ளே மூச்சா விழுந்தா பாட்டு பாடும். ஸ்டிக்கர் ஒட்ட ஒரு சார்ட். எட்டு ஜட்டி. ஹால்ல கிடந்த கார்ப்பெட்டைச் சுருட்டி வெச்சேன். சனிக்கிழமை காலையில டயப்பரைக் கழட்டி, வாத்து மேல ராஜா மாதிரி உக்கார வெச்சோம். எலுமிச்சை ஜூஸ், மோர், இளநீர்னு மாத்தி மாத்திக் கொடுத்தோம். முக்கால் மணி நேரம் ஒண்ணும் இல்லை. எழுந்து நாலு அடி போய் சோஃபா ஓரத்துல நின்னு, சாவகாசமா பெஞ்சான். அப்புறம் அந்தக் குளத்துல தன்னோட காரை விட்டான்.

அன்னிக்கு மட்டும் பதினோரு தடவை மாப் போட்டேன். பன்னிரெண்டாவது தடவை சரியா வாத்துல போனான். வாத்து பாட ஆரம்பிச்சுது. ஜூனியர் அலறிக்கிட்டு ஓடி தங்கமணி மேல ஏறிட்டான். அப்புறம் பேட்டரியைக் கழட்டின பிறகுதான் அது பக்கத்துலயே வந்தான்.

ஆனா பாருங்க, மூச்சா விஷயம் பத்து நாள்ல ஓரளவு பிடிபட்டுடுச்சு. நான் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன். லிஃப்ட் அக்காகிட்ட நானே வலியப் போய்ச் சொன்னேன்.

ஆய்தான் வரலை.

அதுக்கு அவனுக்கு டயப்பர் வேணும். வந்துச்சுன்னா தானே போய் ஒரு டயப்பரை எடுத்துக்கிட்டு வருவான், "இது போடு". போட்டு விட்டா பெட்ரூம் திரைச்சீலைக்குப் பின்னாடி போய், துணியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, முகம் சிவக்க நிப்பான். கிட்ட போனா "போ, போ"ம்பான். இதை நான் பிடிவாதம்னு நினைச்சேன். இப்போ யோசிச்சா, தனக்கு எப்போ வருதுன்னு அவனுக்குத் துல்லியமாத் தெரிஞ்சிருக்கு, யாரும் பார்க்காத இடம் வேணும்னும் தெரிஞ்சிருக்கு. பெரியவங்க நாம மட்டும் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டா போறோம்?

இந்தப் பழக்கத்தை வெட்டணும்னு முடிவு பண்ணி, மிச்சம் இருந்த டயப்பரை எல்லாம் அவன் கண் முன்னாடியே கட்டி பரண் மேல போட்டேன். "டயப்பர் எல்லாம் குட்டிப் பாப்பாவுக்குப் போயிடுச்சு. நீ பெரிய பையன்." டயலாக் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.

மூணு நாள் ஆய் போகலை. நாலாவது நாள் அழுகையோட கொஞ்சம் போனான், கல்லு மாதிரி. அதுக்கப்புறம் வாத்தைக் கண்டாலே காலைப் பின்னிக்கிட்டு, குதிகாலை ஊன்றி விறைப்பா நிக்க ஆரம்பிச்சான். நான் அவன் முக்குறான்னு நினைச்சு "வெரி குட், வெரி குட்"னு கை தட்டினேன். அவன் முக்கலை மக்கா. அடக்கிக்கிட்டு இருந்திருக்கான்.

அடுத்த வாரம் புதுசா ஒண்ணு ஆரம்பிச்சுது. ஜட்டியில லேசா கறை. கழுவி வேற போட்டு விட்டா ஒரு மணி நேரத்துல மறுபடியும். ஒரு நாளைக்கு அஞ்சு ஆறு தடவை. கேட்டா "நான் போகல"ம்பான். ஜட்டியிலேயே போயிட்டுப் பொய் சொல்றான்னு எனக்குச் சுர்ருனு ஏறும்.

ஒரு புதன்கிழமை மத்தியானம். கிளையன்ட் கால்ல நான் பேசுற முறை வரப் போகுது. அன்னிக்கு நாலாவது ஜட்டி. நாத்தம் வருது. மைக்கை ம்யூட் பண்ணிட்டுத் திரும்பினா, அந்தக் கோலத்தோட என் நாற்காலிக்குப் பின்னாடி வந்து நிக்கிறான்.

"எத்தனை தடவைடா சொல்றது? ஏன்டா ஜட்டியில போன?"

"நான் போகலப்பா."

தொடையில ஒண்ணு வெச்சேன். நல்லாவே விழுந்துச்சு. அவன் அழலை. ஒரு அடி பின்னாடி நகர்ந்து, ரெண்டு கையாலயும் ஜட்டியை மேல இழுத்து இழுத்து விட்டுக்கிட்டு, "நான் போகல, நான் போகல"ன்னு மெதுவாச் சொல்லிக்கிட்டே நின்னான். நான் மைக்கை ஆன் பண்ணி, "சாரி, சின்ன இடைஞ்சல்"னு சொல்லிட்டு வேலையைப் பத்திப் பேசினேன். பத்து நிமிஷம் பேசினேன். அவன் அங்கேயே நின்னான்.

இதை எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன். எழுதாம விட்டா இந்தப் பதிவுக்கு அர்த்தம் இல்லை.

ராத்திரி தங்கமணிகிட்ட சொன்னேன். அவ கத்துவான்னு பார்த்தா, கத்தலை. தூங்கிட்டிருந்தவன் தொடையை லைட் போட்டுப் பார்த்துட்டு, "அத்தையை வரச் சொல்லுங்க"ன்னா. அவ்வளவுதான். திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

வெள்ளிக்கிழமை காலையில நெல்லை எக்ஸ்பிரஸ்ல அம்மா வந்து இறங்கினாங்க. பையைக் கீழே வைக்கிறதுக்கு முன்னாடி பேரனைத் தூக்கினாங்க, மடியில போட்டாங்க, வயித்தைத் தடவினாங்க. முகம் மாறிடுச்சு.

"ஏல, பிள்ளைக்கு வயிறு கல்லு மாதிரி இருக்கு. நீ என்னன்னா ஜட்டியில போறான்னு சொல்லுத?"

வெத்தலைக் காம்பை விளக்கெண்ணெயில முக்கி வைக்கலாம்னு அம்மா கிளம்பினாங்க. எங்க ஊர்ல பிள்ளைங்களுக்கு மலம் கட்டினா அதுதான் வைத்தியம். "வேண்டாம் அத்தை, அங்க கை வெச்சா இன்னும் பயப்படுவான்"னு தங்கமணி தடுத்தா. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. நான் நடுவுல செருப்பைத் தேடுற மாதிரி நின்னேன். கடைசியில டாக்டர்கிட்ட போறதுன்னு முடிவாச்சு. அம்மாவும் கூடவே வந்தாங்க.

டாக்டரம்மா வயித்தை அமுக்கிப் பார்த்துட்டு, எப்போ ஆரம்பிச்சுது, கடைசியா எப்போ வலிச்சுது, எப்படி நிக்கிறான்னு நிதானமாக் கேட்டாங்க. அப்புறம் ஒரு பேப்பர்ல குடலை வரைஞ்சு காட்டினாங்க. குழந்தை ஒரு தடவை வலியோட போனா, அடுத்த தடவை பயத்துல அடக்கும். அடக்க அடக்க குடல் தண்ணியை உறிஞ்சிக்கிறதால மலம் இன்னும் இறுகும். அடுத்தது இன்னும் வலிக்கும், இன்னும் அடக்கும். இப்படியே சேர்ந்து கட்டியாகி, குடலோட கடைசிப் பகுதி விரிஞ்சு போயிடும். விரிஞ்சு போனா 'வருது'ங்கிற உணர்ச்சியே மழுங்கிடும். அப்போ மேல இருந்து வர்ற இளகின மலம் கட்டியைச் சுத்திக் கசிஞ்சு ஜட்டியில படும்.

"வாய்க்கால்ல கல்லு அடைச்சா ஓரமாத் தண்ணி கசியுமே, அந்த மாதிரி. நிறைய பேர் இதை வயித்துப்போக்குன்னு நினைச்சுக்குவாங்க. இல்லைன்னா பிள்ளை வேணும்னே பண்றான்னு நினைப்பாங்க. அவனுக்கே தெரியாதுங்க. அவன் அடக்க நினைச்சாலும் முடியாது."

அதாவது, நான் போகலன்னு அவன் சொன்னது நிஜம். அவன் போகலை. அதுவா வந்துச்சு. ரெண்டே கால் வயசுப் பிள்ளை தன் உடம்புல நடந்ததை ரெண்டே வார்த்தையில சரியாச் சொல்லியிருக்கான். எம்.சி.ஏ. படிச்ச எனக்குத்தான் புரியலை.

டாக்டர் சொன்ன வைத்தியத்துல முதல் விஷயமே எனக்கு அதிர்ச்சி. "டயப்பரைத் திரும்பப் போடுங்க. ரெண்டு மாசத்துக்கு இந்தப் பேச்சே வேண்டாம்." மலத்தை இளக்க லாக்டுலோஸ் சிரப். அதையும் பத்து நாள்ல நிறுத்திடாதீங்க, விரிஞ்ச குடல் பழைய நிலைக்கு வர மாசக்கணக்காகும், நான் சொல்ற வரைக்கும் கொடுக்கணும்னாங்க. தண்ணி, பழம், கீரை. பாலை அளவாக் கொடுக்கணும். நாங்க ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் ஊத்திக்கிட்டு இருந்தோம், அதுல வயிறு ரொம்பி சோறே இறங்கலை. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்துல குடல் தானா அசையும், பின்னாடி உக்கார வெக்கும்போது அந்த நேரத்துல அஞ்சு நிமிஷம் உக்கார வெச்சாப் போதும். கால் தொங்கக் கூடாது, பாதத்துக்குக் கீழே பலகை இருக்கணும், முட்டி இடுப்பை விட உசரமா இருக்கணும்.

இதைக் கேட்டதும் அம்மா, "குத்த வெச்சு உக்காரணும்னு சொல்லுதீய. அதைத்தான் நாங்களும் செஞ்சோம்"னாங்க. டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க.

அம்மா சொன்னது சரிதான். அந்தக் காலத்துல அம்மா காலை நீட்டி உக்காந்துக்கிட்டு, பிள்ளையை ரெண்டு பாதத்து மேல உக்கார வெச்சு "ஸ்ஸ்ஸ்..."னு சத்தம் கொடுப்பாங்க. அதுவே வாத்து, அதுவே பாட்டு. பழைய வேட்டியைக் கிழிச்சுக் கட்டுவாங்க. நனைஞ்சா பிள்ளைக்கு உடனே தெரியும். 1961ல அமெரிக்காவுல பேம்பர்ஸ் வந்து, அப்புறம் ஈரத்தை ஜெல்லா மாத்துற பாலிமர் தூளும் உள்ளே சேர்ந்த பிறகு, நனைஞ்சதே பிள்ளைக்குத் தெரியறதில்லை. அதுக்காக டயப்பரைக் குறை சொல்ல மாட்டேன். அதுவும் இல்லாம ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்ல தூங்குறது எப்படி? அம்மாவும், "எங்களுக்கு மட்டும் இது இருந்திருந்தா எத்தனை துணி துவைக்கிறது மிச்சமாயிருக்கும்"னுதான் சொன்னாங்க.

அன்னிக்கு ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு பால்கனியில உக்காந்திருந்தேன். அம்மா வந்து பக்கத்துல உக்காந்தாங்க. தங்கமணி சொல்லியிருப்பா போல.

"அடிச்சியாமே."

"ம்."

"உங்கப்பாவும் அடிப்பாவ, உன்னைய. ஞாபகம் இருக்கா?"

இருக்கு. இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எனக்கு எட்டு வயசு வரைக்கும் ராத்திரி பாய்ல போற பழக்கம் இருந்துச்சு. காலையில அப்பா பார்த்தா விசிறிக் கம்புதான். நாலு மணிக்கே அம்மா எழுந்திருச்சு, தூக்கக் கலக்கத்துல இருக்கிற என்னை அப்படியே உருட்டி விட்டு, ஈரப் பாயை எடுத்துக் கொல்லைச் சுவர்ல போட்டுட்டு, வேற பாயை விரிச்சு, டிரவுசரை மாத்தி விட்டுடுவாங்க. அப்பா எழுந்து பார்க்கும்போது நான் சமத்து. என் பிள்ளையை நான் அடிக்கவே மாட்டேன்னு அப்போ நினைச்சிருக்கேன். அந்தக் கம்போட வலி மறந்து போச்சு. ஆனா "நான் வேணும்னு போகலப்பா"ன்னு நான் சொன்னதும், அவர் நம்பாததும் மறக்கலை.

"அவன்கிட்ட போய் சொல்லுல"ன்னாங்க அம்மா.

"ரெண்டு வயசுப் பிள்ளைகிட்ட என்னம்மா சொல்றது?"

"அடிக்கத் தெரிஞ்சுதுல்லா?"

மறுநாள் காலையில சொன்னேன். "அப்பா உன்னை அடிச்சது தப்பு. நீ போகல. அப்பாவுக்குத் தெரியாம அடிச்சுட்டேன்." அவன் கார் ஓட்டிக்கிட்டே கேட்டான். என் தொடையில ஒரு அடி வெச்சான், லேசா. அப்புறம் காரை என் முட்டி மேல ஏத்தினான். கணக்கு நேராச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது.

பரண்ல இருந்து டயப்பரை இறக்கினேன். ஜூன்ல ஸ்கூல் சேர்க்கலை. முன்பணம் போனது போனதுதான். அம்மா ஆகஸ்ட் வரைக்கும் எங்களோட இருந்தாங்க. ஜூலை கடைசியில, ஒரு காலை இட்லிக்கு அப்புறம், அவனே வந்து "ஆச்சி, ஆய்"னான். சின்ன ஸ்டூல்ல காலை வெச்சு உக்கார வெச்சுட்டு, அம்மா பாத்ரூம் வாசல்ல முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்து, காக்கா கதை சொன்னாங்க. முதுகைக் காட்டினதுதான் விஷயம்னு நினைக்கிறேன். அது ஒண்ணுதான் அவன் முதல்ல இருந்து கேட்டது. காக்கா வடையைத் தூக்கிட்டுப் பறக்கிறதுக்குள்ள உள்ளேயிருந்து சத்தம் வந்துச்சு. நான் கை தட்டப் போனேன். அம்மா முறைச்சாங்க. பேசாம வந்துட்டேன்.

விஜயதசமிக்கு ஸ்கூல்ல சேர்த்தோம், வேற ஸ்கூல். அங்கேயும் "பாட்டின்னு சொல்லப் பழக்குங்க"ன்னாங்க. ஒரு நாள் வீட்ல "பாட்டி வருது, பாட்டி வருது"ன்னு குதிச்சான். நான் வாசக் கதவைத் திறந்துட்டு நின்னேன். அப்புறம் என்ன, மாப்தான் :)

புதுசா அப்பா அம்மா ஆனவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. பிள்ளை ஆய் போகாம விறைச்சு நின்னாலோ, ஜட்டியில அடிக்கடி கறை பட்டாலோ, கையை ஓங்குறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

ஜூனியர் இப்போ ஸ்கூல் போற பெரிய மனுஷன். பகல்ல ஒரு பிரச்சினையும் இல்லை. ராத்திரி மட்டும் எப்போவாவது படுக்கை நனையும். அப்பனுக்கு இருந்தா பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகமாம், பெரும்பாலும் வளர வளரத் தானா நின்னுடுமாம். போன வாரமும் ஒரு நாள் விடிகாலையில என் தோளைத் தட்டி எழுப்பினான்.

"அப்பா, நனைஞ்சிருக்கு. நான் போகலப்பா."

"தெரியும்டா"ன்னு சொல்லிட்டு எழுந்து பெட்ஷீட்டை மாத்தினேன். திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள தூங்கிட்டான்.